மாப்பிள்ளை காட்டிய பச்சை

பாஞ்சாலிக்குக் கோபம் வந்தால் பெங்களூர் ஜோகுபாளையத்தில் அவர்கள் சந்து முழுக்கக் கேட்கும். ஆனால் கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் திருப்பிக் கத்த வேண்டும், இல்லை முகத்தையாவது தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்யாத ஒன்றை வாங்கி அவள் கம்ப்யூட்டரில் உட்கார வைத்துவிட்டது அவள் வேலை பார்க்கும் கம்பெனி. இப்போதுதான் எல்லா ஆபீசிலும் இருக்கிறதே, புரோகிராம் எழுதித் தருகிற ஏஐ, அதுதான். என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும். தப்பாக எழுதியிருக்கிறாயே என்று கேட்டால், "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!" என்று இங்கிலீஷில் குதூகலமாகச் சொல்லிவிட்டு, வேறு மாதிரி தப்பாக எழுதும். மறுபடி திட்டினால் மறுபடியும் முற்றிலும் சரி. மானம் ரோஷம் எதுவும் கிடையாது.

அதற்கு அவள் வைத்த பெயர் வீட்டோடு மாப்பிள்ளை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டும், கேஸ் புக் பண்ணிவிட்டீர்களா என்றால் பண்ணிவிட்டேன் என்னும், அடுப்பைப் பற்றவைக்கப் போனால்தான் தெரியும். ஆபீசில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தமிழ் தெரியாதவர்கள்கூட "மாப்பிள்ளையைக் கேட்டுப் பாரு" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

பாஞ்சாலி பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். திரௌபதி அம்மனுக்குக் கரகம் எடுக்கிற திருவிழா சமயத்தில் பிறந்ததால் அம்மா அந்தப் பெயரை வைத்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தங்கை பிறந்தபோது வீட்டுக்கு டிவி வந்துவிட்டிருந்தது, அதனால் அவள் ஷில்பா. பெரியவள் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தாள். டெஸ்டர் என்றால், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுகிற ஆள். நாள் முழுக்க அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை அவள் குணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது என்று அவள் கணவர் முனியப்பன் சொல்வார், அவள் காதில் விழாத தூரத்தில் இருந்துகொண்டு.

சில வருஷங்களில் அவளே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். எழுத ஆரம்பித்ததும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தன்னைப் போலவே ஒருத்தி எதிரில் உட்கார்ந்து தான் எழுதியதைக் கொத்திக் கொத்திப் பார்த்தால் என்ன ஆகும்? அதனால், முதலில் டெஸ்ட், அப்புறம்தான் புரோகிராம் என்ற பழக்கத்தை ஒரு விரதம் போலப் பிடித்துக்கொண்டாள். எதைச் செய்ய வேண்டுமோ அதைச் சோதிக்கிற டெஸ்டை முதலில் எழுத வேண்டும். புரோகிராம் இன்னும் எழுதவில்லை அல்லவா, அதனால் டெஸ்ட் தோற்று, திரையில் சிவப்பு வரும். வர வேண்டும். அதற்குப் பிறகு புரோகிராமை எழுதினால் சிவப்பு பச்சையாக மாறும். சிவப்பைப் பார்க்காமல் பச்சையைப் பார்க்கக் கூடாது. ஏன் இப்படித் தலைகீழாகச் செய்கிறாய் என்று ஷில்பா ஒருமுறை கேட்டதற்கு, "புதுப் பூட்டு வாங்கினா முதல்ல தப்பான சாவியப் போட்டுப் பாக்கணும்டி. அதுக்குத் தொறக்கலன்னாதான் அது பூட்டு" என்றாள்.

இப்போது அவள் இருக்கிற கம்பெனி சின்னது. டொம்லூர் பக்கம் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டேகேர்களுக்கு ஆப் செய்து விற்கிறார்கள். அதில் முக்கியமானது பாஸ். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக யாருக்கெல்லாம் உரிமை உண்டோ அவர்கள் போனில் ஒரு பாஸ் இருக்கும். சாயங்காலம் கேட்டுக்கு வந்து காட்ட வேண்டும். டேகேர் மிஸ் தன் போனால் அதை ஸ்கேன் செய்வார். 'அனுமதி' என்று வந்தால் குழந்தை வெளியே வரும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் மிஸ் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் அந்த ஆப்பை வைத்திருக்கும் டேகேர் ஒன்றில்தான் ஷில்பாவின் மகள் நிவி இருக்கிறாள். பாஞ்சாலிதான் சேர்த்துவிட்டாள். ஷில்பாவும் அவள் புருஷன் பாலகுமாரும் பிரிந்துவிட்டார்கள். பிரிந்த புதிதில் ஒருநாள், பாஸ் இன்னும் தன் பெயரில் இருந்த தைரியத்தில், அவன் மத்தியானமே போய் நிவியைக் கூட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டான். போனை அணைத்து வைத்துவிட்டான். குழந்தை எங்கே, யாரிடம், எந்த ஊரில் என்று எதுவும் தெரியாமல் அந்தச் சாயங்காலம் முழுக்க ஷில்பா டேகேர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். இருட்டிய பிறகு ஒரு பலூனோடு குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "என் புள்ளய நான் கூட்டிட்டுப் போனா இன்னா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு கோர்ட் உத்தரவு வாங்கி அவன் பாஸை ரத்து செய்தார்கள். 

இந்த வருஷம் கம்பெனி ஒரு புது வசதியை டேகேர்களுக்கு விற்றிருந்தது. நெட் இல்லாவிட்டாலும் பாஸ் வேலை செய்யும். பெங்களூரில் இதற்கு அவ்வளவு வரவேற்பு. மழை பெய்தால் கரண்ட் போய், அதோடு நெட்டும் போய், கேட்டில் அப்பா அம்மாக்கள் குடையோடு முட்டி மோதிக்கொண்டு நிற்கிற கதை எல்லா டேகேரிலும் உண்டு. அந்த வசதியைச் செய்கிற வேலை பாஞ்சாலிக்கு வந்தது. கேட்டதும் அவளுக்குத் தோன்றிய முதல் கேள்வி, ரத்து செய்த பாஸை நெட் இல்லாத நேரம் பார்த்து ஒருத்தன் கொண்டுவந்து காட்டினால்? அதைத்தான் டெஸ்டாக எழுதினாள். அல்சூர் டேகேர். ஒரு பாஸ். அதை ரத்து செய். நெட்டை அணை. இப்போது பாஸைக் காட்டு. 'அனுமதி இல்லை' என்று வர வேண்டும்.

டெஸ்டில் பாஸ் வைத்திருப்பவனுக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். பாஞ்சாலிக்கு ஒரு பழக்கம், டெஸ்டுக்கு வேண்டிய பெயர்களையெல்லாம் தன் சந்திலிருந்தே எடுப்பாள். எதிர்வீட்டு ஆஞ்சலா, இஸ்திரிக் கடை சின்னப்பா, மாடி வீட்டுக் கிளெமென்ட் எல்லோரும் அவள் புரோகிராம்களில் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள், லோன் வாங்கியிருக்கிறார்கள், ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டு பாலகுமார் என்று அடித்தாள். வழக்கமாக ஒரு விஷயத்துக்கு மூன்று பெயர், மூன்று டெஸ்ட் எழுதுகிறவள், அன்றைக்கு அந்த ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டாள்.

டெஸ்ட் சிவப்பாக வந்தது. சரி. இனி இதைப் பச்சையாக்கு என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

முதல் தடவை பச்சை உடனே வந்தது. இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாதே என்று திறந்து பார்த்தாள். நெட்டை அணை என்று அவள் எழுதியிருந்த வரியையே மாப்பிள்ளை தூக்கிவிட்டிருந்தது. நெட் இருந்தால் பாஸ் ரத்தானது தெரியத்தானே செய்யும்.

"டெஸ்டைத் தொடாதே. புரோகிராமை மட்டும் மாற்று" என்று எழுதினாள்.

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்றது. அடுத்த தடவை டெஸ்டில் 'அனுமதி இல்லை' என்பதை 'அனுமதி' என்று மாற்றி வைத்துவிட்டு, நெட் இல்லாத நேரத்தில் பெற்றோரைக் காக்க வைப்பது நல்ல அனுபவமாக இருக்காது என்று ஒரு விளக்கமும் எழுதியிருந்தது. பாஞ்சாலி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அட கலீஜே! டெஸ்டத் தொடாதன்னா தொடாத! இன்னா, தமிழ்ல சொன்னாத்தான் புரியுமா ஒனக்கு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

அடுத்த தடவை டெஸ்டை மாற்றவில்லை. அதை ஓட்டாமலே தாண்டிப் போகும்படி செய்துவிட்டு, மற்ற டெஸ்டெல்லாம் பச்சை என்று கொண்டாடியது. பாஞ்சாலிக்குத் தலை விண்விண் என்று தெறித்தது.

இதற்கு நடுவில் அவள் மேனேஜர் கிரண் வந்து வந்து எட்டிப் பார்த்தான். ஹாசன் பக்கத்துப் பையன், நல்லவன்தான். ஆனால் அவன் வாயில் எப்போதும் ஒரே கேள்வி. "பாஞ்சாலி அவ்ரே, ஆயித்தா?" முடிந்ததா, முடிந்ததா என்று அவன் கேட்கக் கேட்க அவளுக்கு ஏறிக்கொண்டே போனது. டீ குடித்துவிட்டு வந்தாள், மறுபடி திட்டினாள். அது மறுபடி முற்றிலும் சரி என்றது. மனுஷனாக இருந்திருந்தால் இந்நேரம் ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பான். இதுவோ ஒவ்வொரு வசவுக்கும் ஒரு நன்றி சொன்னது. திட்டித் திட்டி அவளுக்கே சலித்துப் போனது.

சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியாக ஒருமுறை, டெஸ்டைத் தொடாமல், தாண்டாமல், நெட்டை அணைத்த நிலையில் பச்சை வர வேண்டும் என்று பாயிண்ட் பாயிண்டாக எழுதினாள். பச்சை வந்தது. டெஸ்டைத் திறந்து பார்த்தாள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. தாண்டவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. புரோகிராமில் அது என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் எத்தனை பேரை இதற்காகவே வறுத்தெடுத்திருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில், அந்தச் சனியன் எழுதிய இன்னொரு வரியைப் படிக்க அவள் கண்ணுக்குத் தெம்பு இல்லை. "ஆயித்தா?" என்று கிரண் கேட்டான். "ஆச்சு சாமி, ஆச்சு. ஆள விடு" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த வாரமே புது வசதி எல்லா டேகேர் போன்களுக்கும் போய்விட்டது. மழையும் ஆரம்பித்தது. கேட்டில் நிற்க வேண்டியதில்லை என்று பெற்றோர்கள் வாழ்த்தி எழுதினார்கள். அவற்றை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினான் கிரண்.

அப்புறம் ஒருநாள் காலையில் சிரித்துக்கொண்டே அவள் இடத்துக்கு வந்தான். "பாஞ்சாலி அவ்ரே, ஒரு காமெடி கேளுங்க. சிவாஜிநகர்ல ஒரு டேகேர். துணிக்கடை வெச்சிருக்கிறவர், டெய்லி வந்து மகளைக் கூட்டிட்டுப் போறவர். பாஸெல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா நெட் போனா மட்டும் அவருக்கு அனுமதி இல்லைன்னு வருதாம். வேற யாருக்கும் வர்றதில்ல. நேத்து அந்தக் குழந்தை கேட்டைப் பிடிச்சிட்டு அழுதிருக்கு, அப்பாவ விடுங்கன்னு. பாவம், மனுஷன் ரொம்ப பேஜாராயிட்டார்."

"அவருக்கு மட்டுமா? அவர் பேரு இன்னா?" என்றாள் பாஞ்சாலி.

"பாலகுமார்" என்றான் கிரண்.

 கிரண் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான், அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. அன்றைக்குப் படிக்காமல் விட்ட புரோகிராமைத் திறந்தாள். அங்கே இருந்தது. நெட் இல்லாதபோது, பாஸ் வைத்திருப்பவர் பெயர் பாலகுமார் என்றால் அனுமதி இல்லை. மற்ற எல்லோருக்கும் அனுமதி. அவ்வளவுதான். ரத்தானதா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. அதற்கு மேலே, டெஸ்ட் எதிர்பார்ப்பதை நிறைவேற்றுவதற்காக என்று ஒரு குறிப்பு வேறு, பணிவாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். டெஸ்ட் என்ன கேட்டதோ அதைக் கொடுத்துவிட்டது மாப்பிள்ளை. ஊரில் இருக்கிற அத்தனை பாலகுமாரும் அயோக்கியன், மற்றவன் எல்லாம் யோக்கியன். சிரிப்பு அடங்கியதும்தான் பயம் வந்தது. இத்தனை நாளாக, நெட் போன நேரத்தில், பாஸ் ரத்தான எவன் வந்து நின்றிருந்தாலும் மிஸ் போனில் அனுமதி என்று வந்திருக்கும். எவனெவன் வந்தானோ? வரவில்லை என்றே இருக்கட்டும். இன்றைக்கு வந்தால்?

கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. நிவிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் அப்பன் பெயர் பாலகுமார். அந்த நினைப்பு வந்த வேகத்தில் ஒரு நிம்மதியும் வந்தது, அதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

விஷயத்தை அப்படியே கிரணிடம் சொன்னாள். எழுதியது அது, படிக்காமல் விட்டது நான் என்றும் சொன்னாள். கிரண் முகம் மாறியது. ஆனாலும் அவன் மேனேஜர், முதலில் கை போனது கீபோர்டுக்கு. பாலகுமார் என்ற பெயருள்ள வேறொருவருக்குத் தப்பாக மறுக்கப்படுகிறது, சரி செய் என்று மாப்பிள்ளையிடம் எழுதினான். மன்னிப்புக் கேட்டது, நன்றி சொன்னது, உடனே சரி செய்துவிட்டதாகவும் சொன்னது. எல்லாம் பச்சை.

"நோடி, பாருங்க, சால்வ் ஆயிடுச்சு" என்றான்.

பாஞ்சாலி இந்தத் தடவை படித்தாள். பெயர் பாலகுமார் என்றால், அதோடு டேகேர் அல்சூர் என்றால், அனுமதி இல்லை. மற்ற எல்லோருக்கும் அனுமதி.

 சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் இனி நிம்மதியாக மகளைக் கூட்டிப் போவார். புகார் நிற்கும். டெஸ்ட் பச்சை. கிரணுக்குச் சந்தோஷம். பெங்களூரில் இருக்கிற இத்தனை டேகேரில், இத்தனை ரத்தான பாஸில், அந்த ஒரே ஒரு ஆளுக்கு மட்டும், அவள் தங்கை புருஷனுக்கு மட்டும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட் திறக்காது. அவளாக உட்கார்ந்து தன் குடும்பத்துக்கென்று செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

"கிரண், இத எடுத்துடணும்" என்றாள்.

"எடுக்கலாம். சரியா பண்ண எத்தனை நாள் ஆகும்?"

ரத்தான பாஸ்களின் விவரம் எல்லா டேகேர் போனுக்கும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். டெஸ்டோடு செய்தால் அடுத்த வாரம் ஆகிவிடும் என்றாள்.

"அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டுமே" என்றான் கிரண். குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவனுக்கு நிவி கதை தெரியும். "உங்களுக்கும் நல்லதுதானே. எடுத்துட்டா உங்க தங்கச்சி ஹஸ்பெண்டும்தான் உள்ள வருவார். மத்தபடி, நெட்டும் போய், அதே டைமுக்குக் கேன்சல் ஆன ஒருத்தரும் வந்து நிக்கணும். சான்ஸ் ரொம்பக் கம்மி."

அவ்வளவுதான், மாப்பிள்ளையிடம் எடுபடாத அத்தனை கோபமும் கிரணுக்குக் கிடைத்தது. "இன்னா சான்ஸ் கம்மி? இந்த ஊர்ல எப்ப மழ வரும்? சாயங்காலம். மழ வந்தா கரண்ட் போவும். கரண்ட் போனா நெட் போவும். புள்ளைங்கள எப்ப கூட்டிட்டுப் போவாங்க? சாயங்காலம். கேன்சல் ஆனவன் எப்ப வருவான்? கூட்டத்துல எவனும் கவனிக்க மாட்டான்னு அப்பதான் வருவான். இதுக்கு மேல இன்னா சான்ஸ் வேணும் ஒனக்கு?"

டைல்ஸ் கடையிலிருந்து ஒருவர் படியேறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கிரண் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சரி. இப்ப என்ன பண்ணலாம்ங்கிறீங்க?"

"ஆஃப் பண்ணு. நெட் இல்லன்னா எந்தப் பாஸும் செல்லாது. யாருக்கும். மிஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிக் கேக்கட்டும், முன்ன மாதிரி."

"கஸ்டமர்ஸ் கிழிச்சிடுவாங்க பாஞ்சாலி அவ்ரே. இதைச் சொல்லித்தான் வித்தோம்."

"கிழிக்கட்டும்."

"அந்த கால் எல்லாம் நீங்கதான் எடுக்கணும்."

"குடு. எடுக்கறேன்."

அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, தனக்கு மேலே இருப்பவர்களிடம் பேசப் போனான். அவள் திரையில் மாப்பிள்ளையின் ஜன்னலை மூடினாள். மூடும்போதுகூட, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. ஒன்றும் வேண்டாம், நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கு என்று முணுமுணுத்தாள்.

டெஸ்டை முதலில் எழுதினாள். ஆஞ்சலாவின் பாஸ் செல்லும் பாஸ், ஆனால் நெட் இல்லை, அனுமதி இல்லை. கிளெமென்ட் பாஸ் ரத்து, நெட் இல்லை, அனுமதி இல்லை. சின்னப்பாவுக்கு நெட் உண்டு, பாஸும் செல்லும், அனுமதி. கடைசியாக ஷில்பா பெயரிலும் ஒன்று எழுதினாள். செல்லும் பாஸ், அல்சூர் டேகேர், நெட் இல்லை, அனுமதி இல்லை. எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் சிவப்பு வந்தது. புரோகிராமைத் தானே எழுதினாள், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே. பாலகுமார் என்ற பெயர் இருந்த இடத்தை அழித்தாள். பச்சை வந்தது. வந்த பிறகும் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துப் பார்த்தாள். சிவப்பானது. திருத்தினாள். மேலே இருப்பவர்களும் அரைமனதாக ஒப்புக்கொள்ள, மத்தியானத்துக்குள் எல்லா டேகேர் போன்களுக்கும் அனுப்பியாகிவிட்டது.

நினைத்தது போலவே சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. மழை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. டேகேர் நடத்துகிறவர்கள், வரிசையில் நிற்கிற அப்பாக்கள், அம்மாக்கள். கன்னடத்தில் திட்டினார்கள், தமிழில் திட்டினார்கள், இந்தியில், இங்கிலீஷில் திட்டினார்கள். நேற்றுவரை நன்றாக இருந்ததை ஏன் கெடுத்தீர்கள் என்றார்கள். நீங்கள் சொல்வது சரி சார், மன்னிக்கணும் மேடம், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லும்போதே, தானும் மாப்பிள்ளை மாதிரித்தான் பேசுகிறோம் என்று உறைத்து எரிச்சல் இன்னும் கூடியது. கிரண் தன் காபியை அவள் மேஜையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தான்.

அந்த நேரத்தில் அவளுடைய சொந்தப் போன் அடித்தது. ஷில்பா.

"அக்கா! இன்னாக்கா உன் ஆப்பு? என்னையே அனுமதி இல்லன்னு சொல்லுது! நெட்டு இல்லியாம். டெய்லி என் மூஞ்சப் பாக்கறாங்க அந்த மிஸ், இப்ப வரிசைல நில்லுங்க, ஒவ்வொருத்தர் வீட்டுக்கா போன் பண்ணிக் கேட்டுத்தான் அனுப்புவோம்ன்றாங்க. முழுசா நனஞ்சிட்டேன் நானு."

"நில்லுடி. வரிசைல நில்லு."

"எனக்காவது ஏதாவது பண்ணி வெச்சிருக்கக் கூடாதா? உன் தங்கச்சிதான நானு? ஆபீஸ்ல ஒரு வார்த்த சொன்னா முடியாதா?"

"முடியாது. யாருக்கும் கெடையாது இன்னிக்கு."

"நல்லா இருக்குக்கா உன் நியாயம்" என்று ஷில்பா மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "எனக்கு முன்னாடி ஒரு ஆளு நின்னுட்டு இருந்தான் பாவம். டீசன்டா ஷூ போட்டுக்கினு, கைல ஒரு சாக்லேட் வெச்சிக்கினு. அவன் பாஸுக்கும் அனுமதி இல்லன்னு வந்துச்சி. ஒரு நிமிஷம் சார், பையனோட அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கறேன்னு மிஸ் சொன்னாங்க. வேணாம் வேணாம், அப்புறம் வரேன்னு சொல்லிட்டு, கொட்ற மழைல ஆட்டோ ஏறிப் பூட்டான். பெத்த அப்பனே புள்ளய உட்டுட்டுப் போறான், பாரு, உன் ஆப்பால."

பாஞ்சாலி எழுந்து நின்றுவிட்டாள். மேஜையில் மற்றப் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"ஷில்பா, அந்த அம்மாவுக்குப் போன் பண்ணாங்களா மிஸ்ஸு?"

"பண்ணாங்க. இப்பதான் பேசிட்டு இருக்காங்க. அந்தப் பொம்பள இன்னாத்துக்கோ போன்ல கத்தி அழுவறா. இங்க வரைக்கும் கேக்குது. பையன் உள்ளதான இருக்கான், உள்ளதான இருக்கான்னு அதையே கேட்டுட்டு இருக்கா."

அதோடு ஷில்பாவின் பேச்சு நின்றது. மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. வரிசையில் யாரோ கன்னடத்தில் முன்னால் நகருங்கள் என்றார்கள். 

"அக்கா" என்றாள் ஷில்பா. குரல் இறங்கிவிட்டிருந்தது. "மிஸ்ஸ அவசரப்படுத்த வேணாம்னு சொல்றேன். பொறுமையாவே கேக்கட்டும். நான் நிக்கறேன்."